ஓடுபாதையை விட்டு எழுந்ததும் விழும் சிறு விமானங்கள்: முதல் இரண்டு நிமிடத்தின் கணக்கு

திருகோணமலை மாவட்டத்தின் சீனக்குடா, கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சிறு விமானத்தின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. காலையில் எழும்பும், வட்டமடிக்கும், இறங்கும், மறுபடி எழும்பும். விமானப்படையின் பயிற்சி நிலையம் சீனக்குடாவிலேயே இருப்பதால் இது அன்றாடக் காட்சி. 2023 ஆகஸ்ட் 7ஆம் திகதி அங்கிருந்து கிளம்பிய பி.டி-6 பயிற்சி விமானம் ஒன்று சில நிமிடங்களுக்குள் சீனக்குடாவிலேயே விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த இருவரும் உயிரிழந்தார்கள். அன்று தேநீர்க்கடை முதல் பஸ் வரை எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மேலே போய் ஏதாவது நடந்திருந்தால் சரி, எழும்பின உடனேயே எப்படி விழும்?

இந்தக் கட்டுரை அந்த விபத்தையோ வேறு எந்த விபத்தையோ ஆராய்வதல்ல. ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானம் எதுவானாலும் அதன் முதல் இரண்டு நிமிடம் ஏன் இவ்வளவு இறுக்கமானது, அந்த நேரத்தில் எவை தவறிப்போகும், தவறினால் விமானிக்கு என்ன வழி இருக்கிறது என்பதே இங்கே சொல்லப்படுவது. எண்களுக்குச் செஸ்னா 172 எஸ் என்ற நாலு இருக்கை விமானத்தை எடுத்துக்கொள்வோம். உலகில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட விமான வகை செஸ்னா 172தான். அதன் கையேட்டு எண்கள் விமானம் ஓட்டப் பழகும் எவருக்கும் மனப்பாடம். பி.டி-6இன் எண்கள் வேறு, ஆனால் கணக்கின் போக்கு ஒன்றே.

கையிருப்பு இல்லாத நேரம்

விமானத்துக்கு இரண்டு சேமிப்பு உண்டு: உயரம், வேகம். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கலாம். மூக்கைத் தாழ்த்தினால் உயரம் குறைந்து வேகம் கூடும், மூக்கைத் தூக்கினால் வேகம் குறைந்து உயரம் கூடும். ஐயாயிரம் அடியில் எஞ்சின் நின்றால் கையில் நிறைய உயரம் இருக்கிறது. அந்த உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவழித்துக்கொண்டே இந்த விமானம் பதின்மூன்று பதினாலு கிலோமீற்றர் சறுக்கிப் போகும். நிலத்தைப் பார்த்து, வயலைத் தெரிந்து, வானொலியில் பேசி, எஞ்சினை மீண்டும் கிளப்ப இரண்டு முறை முயன்று பார்க்கவும் நேரம் இருக்கும்.

எழும்பின உடனே இந்த இரண்டு சேமிப்பும் வெறுமை. உயரம் இருநூறு முந்நூறு அடி. வேகம், ஏறுவதற்குத் தேவையான சுமார் 74 நொட், அதாவது மணிக்கு 137 கிலோமீற்றர். அதற்கு மேல் சதம் கூடக் கையில் இல்லை. போதாததற்குத் தாங்கி நிறைய எரிபொருள் இருப்பதால் பயணத்திலேயே மிகக் கனமான நேரமும் அதுதான். எஞ்சின் முழு வலுவில், மிகச் சூடாக உழைப்பதும் அப்போதுதான். மோட்டார் சைக்கிளில் இரண்டு மூட்டை நெல்லை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் மேட்டில் ஏறுகிற கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் மறைந்திருக்கும் கோளாறு வெளியே வரும் இடம் அது.

நாலு செக்கன்

எஞ்சின் நின்றதும் விமானம் கல்லுப்போல விழாது. பலர் நினைப்பதற்கு இது நேர்மாறு. அது ஒரு கிளைடராக மாறும், அவ்வளவே. ஒன்பது அடி முன்னே போனால் ஒரு அடி இறங்கும். ஆனால் அப்படிச் சறுக்க அதற்கு 65 முதல் 70 நொட் வேகம் வேண்டும். அங்கேதான் சிக்கல்.

ஏறும்போது மூக்கு மேல்நோக்கி இருக்கிறது. அந்த ஏற்றத்தை இழுத்துக்கொண்டிருந்தது எஞ்சின். அது நின்றதும் புவியீர்ப்பும் காற்றின் இழுவையும் சேர்ந்து வேகத்தைச் செக்கனுக்குச் சுமார் 4 நொட் வீதம் தின்னத் தொடங்கும். 74இல் இருந்து கணக்குப் பாருங்கள்: ஒரு செக்கனில் 70, இரண்டில் 66, மூன்றில் 62, நாலில் 58. எதிர்பாராமல் ஒன்று நடந்தால் மனிதர் திகைத்து, "என்ன இது" என்று விளங்கி, கையை அசைப்பதற்கே மூன்று நாலு செக்கன் ஆகும். அனுபவம் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். அதற்குள் சறுக்கு வேகம் கைவிட்டுப் போய்விட்டது. ஆறு ஏழு செக்கனில் 48 நொட். அந்த எண்ணில் ஸ்டோல் வரும்.

ஸ்டோல் என்ற சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. காரில் எஞ்சின் நின்றால் அதையும் ஸ்டோல் என்கிறோம். விமானத்தில் ஸ்டோல் ஆவது எஞ்சின் அல்ல, இறக்கை. பஸ் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையைத் தட்டையாக நீட்டி, முன்விளிம்பை மெல்லத் தூக்கினால் கை மேலே போகும். இன்னும் தூக்கினால் இன்னும் போகும். ஒரு கட்டத்துக்கு மேல் தூக்கினால் கை மேலே போகாது, பின்னால் அடிபடும். இறக்கையும் அப்படியே. காற்றை அது எதிர்கொள்ளும் கோணம் ஏறக்குறைய 15, 16 பாகையைத் தாண்டினால் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துபோகிறது, தூக்குவிசை சரிகிறது. வேகம் குறையக் குறைய அதே எடையைத் தூக்கக் கோணத்தைக் கூட்டவேண்டி வரும். அதனால்தான் குறைந்த வேகமும் ஸ்டோலும் கூடவே பேசப்படுகின்றன. எஞ்சின் நன்றாக இரைந்துகொண்டிருக்கும்போதே இறக்கை ஸ்டோல் ஆகலாம். "எஞ்சின் சத்தம் கேட்டது, அப்படியே குப்புற விழுந்தது" என்று நேரில் கண்டவர்கள் சொன்னால் அதில் முரண் எதுவும் இல்லை.

ஆகவே எஞ்சின் நின்ற விமானி செய்யவேண்டிய முதல் வேலை பிடியை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்துவது. கண்ணுக்கு முன்னே தரை எழும்பி வரும்போது தரையை நோக்கித் தள்ள மனம் ஒப்பாது. உடம்பு முழுவதும் பின்னே இழு என்று சொல்லும். இந்த ஒரு அசைவை உடம்பில் ஏற்றுவதற்காகவே பயிற்றுநர்கள் போதிய உயரத்தில் வைத்து, சொல்லாமல் கொள்ளாமல், எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் குமிழான த்ரொட்டிலை மூடிவிடுவார்கள். மாணவன் வேறு எதைத் தொடும் முன்பு மூக்கைத் தள்ளுகிறானா என்று பார்ப்பார்கள்.

திரும்பி வரலாமே?

ஓடுபாதை பின்னால்தான் இருக்கிறது, திரும்பினால் போயிற்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எழும்பிய உடனே நடந்த விபத்துகளில் பிழைத்திருக்கக்கூடிய பலர் உயிர்விட்டது இந்த எண்ணத்தால். எஞ்சின் நின்றதை விடத் திரும்ப முயன்றதே கொன்றது.

விமானம் திரும்பவேண்டும் என்றால் சரியவேண்டும். சரிந்தால் இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டுக்குப் போய்விடும். மீதிப் பங்கால் முழு எடையையும் தாங்க இறக்கை கூடுதலாக உழைக்கவேண்டும். அதன் விலை, ஸ்டோல் வேகம் உயர்வது. நேராகப் பறக்கும்போது 48 நொட்டில் வரும் ஸ்டோல், 30 பாகை சரிவில் 52இல் வரும். 45 பாகையில் 57. 60 பாகையில் 68. இந்த விமானம் எஞ்சின் இல்லாமல் மிகத் தூரம் சறுக்கும் வேகமும் 68 நொட்தான் என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். அந்த வேகத்தில் சறுக்கிக்கொண்டு, இறக்கத்தைக் கூடவிடாமல் 60 பாகை சரித்துத் திரும்ப முயன்றால் விமானம் ஸ்டோலின் வாசற்படியில் நிற்கிறது.

மெதுவாகச் சரித்துத் திரும்பினால்? ஸ்டோல் பயம் குறையும், நேரம் கூடும். 65 நொட்டில் 30 பாகை சரிவு என்றால் செக்கனுக்குப் பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவாகத்தான் திரும்பும். வட்டத்தின் விட்டம் நானூறு மீற்றரை ஒட்டும். 180 பாகை திரும்பினால் எதிர்த்திசை கிடைக்குமே தவிர, ஓடுபாதை கிடைக்காது. அது பக்கவாட்டில் நானூறு மீற்றர் தள்ளி இருக்கும். மேலும் முப்பது நாற்பது பாகை திரும்பி, ஓடுபாதைக் கோட்டைப் பிடித்து, மறுபக்கம் கொஞ்சம் திரும்பி நேராக்கவேண்டும். முதல் திருப்பத்துக்கு மட்டும் இருபதுக்கு மேற்பட்ட செக்கன். 45 பாகை சரிவில் அதையே பதின்மூன்று செக்கனில் முடிக்கலாம், ஆனால் அப்போது இறங்கும் வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல். எந்தப் பக்கம் போனாலும் திருப்பத்துக்கே இருநூற்றைம்பது முந்நூறு அடி செலவு. திகைத்த செக்கன்களில் போன உயரமும், திரும்பிய பின் ஓடுபாதை வரை சறுக்கவேண்டிய உயரமும் தனி.

காற்றும் பழி வாங்கும். விமானம் எப்போதும் எதிர்காற்றில்தான் கிளம்புகிறது. சீனக்குடா ஓடுபாதை வடகிழக்கு, தென்மேற்கு வாக்கில் கிடக்கிறது. கச்சான் காலத்தில் தென்மேற்கு நோக்கியும் வாடைக் காலத்தில் வடகிழக்கு நோக்கியும் கிளம்புவது அதனால்தான் பொருந்தி வருகிறது. திரும்பி வந்தால் அதே காற்று முதுகில். 15 நொட் கச்சான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்காற்றில் 65 நொட்டில் இறங்கினால் தரைக்கு மேலான வேகம் 50. பின்காற்றில் 80. மோதும் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் இது இரண்டரை மடங்கு அடி. இதில் கண்கட்டு வித்தை ஒன்றும் உண்டு: பின்காற்றில் தாழப் பறக்கும்போது பனைகள் பின்னோக்கி விரைவதைப் பார்த்து, வேகம் நிறைய இருக்கிறது என்று மனம் நம்பிவிடும். கை தானாகப் பிடியைப் பின்னே இழுக்கும். வேகமானி வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கும்.

இனி மோசமான கட்டம். தரை அருகில் இருப்பதால் சரிக்கப் பயம், ஓடுபாதையோ இன்னும் பக்கவாட்டில். விமானி அறியாமலே காலால் சுக்கானை மிதித்து மூக்கைத் திருப்பப் பார்க்கிறார். உள்பக்க இறக்கை மெதுவாகவும் வெளிப்பக்க இறக்கை வேகமாகவும் போக, உள்பக்கம் முதலில் ஸ்டோல் ஆகிறது. விமானம் ஒரு கண்ணிமைப்பில் அந்தப் பக்கம் புரண்டு, மூக்குக் குத்திச் சுழல்கிறது. இதுதான் ஸ்பின். இதிலிருந்து மீள இந்த வகை விமானத்துக்குச் சுமார் ஆயிரம் அடி வேண்டும். கையில் இருப்பதோ முந்நூறு.

இதனால்தான் பயிற்சியில் விதி முரட்டுத்தனமாகச் சொல்லப்படுகிறது: குறித்த உயரத்துக்குக் கீழே எஞ்சின் போனால் நேரே முன்னே, இடதும் வலதும் முப்பது பாகைக்குள் எது கிடைக்கிறதோ அதில் இறங்கு. அந்த உயரத்தை விமானத்துக்கும் நிலையத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். ஓடுபாதை முனையில் நின்று, த்ரொட்டிலைத் தள்ளும் முன்பு, வாய்விட்டுச் சொல்லவேண்டும்: "ஓடும்போது கோளாறு என்றால் த்ரொட்டில் மூடு, பிரேக். எழும்பின பிறகு பாதை மிச்சம் இருந்தால் பாதையிலேயே இறக்கு. இத்தனை அடிக்குக் கீழே நேராக. அதற்கு மேலே திரும்ப யோசிக்கலாம்." இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்பவரைப் பார்த்தால் புதியவர்களுக்குச் சிரிப்பு வரும். திகைப்பில் மூளை புதிதாக முடிவெடுக்காது, ஏற்கெனவே எடுத்த முடிவைத்தான் எடுத்துப் பாவிக்கும்.

சீனக்குடாவில் ஓடுபாதை கிட்டத்தட்ட 2,400 மீற்றர். செஸ்னா 172 எஸ் முழு எடையில், முப்பது பாகை வெயிலில், காற்றே இல்லாமல், குறுகிய பாதைக்கான முறையில் எழும்ப ஏறக்குறைய 330 மீற்றர் போதும். 550 மீற்றரில் ஐம்பது அடி உயரத்தைத் தொட்டுவிடும். அதாவது பாதையின் கோடியிலிருந்தே கிளம்பினால், முந்நூறு அடி வரை எஞ்சின் போனாலும் முன்னால் இருக்கும் மிச்சப் பாதையிலேயே இறங்கக் கணக்கு இடம் தருகிறது. நேரத்தை மிச்சம் பிடிக்கப் பாதையின் நடுவிலிருந்து கிளம்பினால் அந்தக் கொடை போய்விடும். பின்னால் விட்ட ஓடுபாதை, தலைக்கு மேலே உள்ள உயரம், தாங்கியில் ஊற்றாத எரிபொருள் மூன்றும் எதற்கும் உதவாது என்பது விமானிகளின் பழைய பேச்சு.

எஞ்சின் ஏன் அந்த நேரம் பார்த்து நிற்கிறது

எரிபொருளில் தண்ணீர் கலப்பதிலிருந்து தொடங்கலாம். திருகோணமலை போன்ற ஈரப்பதமான கடற்கரையில் அரைத் தாங்கி எரிபொருளோடு இரவு முழுவதும் நிற்கும் விமானத்தில், தாங்கியின் காலி இடத்துக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் துளியாகப் படிந்து அடியில் சேரும். தாங்கி மூடியின் றப்பர் வளையம் காய்ந்திருந்தால் மாரி மழையும் உள்ளே இறங்கும். விமானப் பெற்றோலின் அடர்த்தி 0.72 அளவில். தண்ணீருக்கு 1. ஆகவே தண்ணீர் அடியில், வெளிக்குழாயின் வாயருகில்.

அப்படியானால் எஞ்சினைக் கிளப்பும்போதே நின்றுவிடாதா? நிற்பதில்லை, அதுதான் வஞ்சகம். குழாயிலும் வடிகட்டியிலும் இருக்கும் நல்ல எரிபொருளில் எஞ்சின் கிளம்பும், ஓடுபாதை வரை ஊர்ந்து போகும், சோதனை ஓட்டமும் பிழையில்லாமல் முடியும். முழு வலு கொடுத்ததும் எரிபொருள் வேகமாக இழுக்கப்படும், மூக்குத் தூக்கியதும் தாங்கியின் அடியில் கிடந்த தண்ணீர் இடம் மாறிக் குழாய்க்குள் இறங்கும். எரிபொருள் வால்வை மூடியபடியே கிளம்பியவருக்கும் இதே கதி. குழாயில் மிஞ்சியிருந்தது தீரும் இடம் பல நேரம் மரங்களுக்குச் சற்று மேலே.

தடுப்பது மிக எளிது. இறக்கைக்கு அடியில் சிறு வடிவால்வுகள் இருக்கின்றன. 172 எஸ்ஸில் இறக்கைக்கு ஐந்து வீதம் பத்து, உடலின் அடியில் மூன்று. தெளிவான சிறு கிண்ணத்தின் நடு ஊசியால் வால்வை அழுத்தினால் எரிபொருள் கிண்ணத்தில் இறங்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். 100எல்எல் என்ற விமானப் பெற்றோல் இளநீலம். தண்ணீர் இருந்தால் நீலத்துக்குக் கீழே நிறமற்ற மணிகள் உருளும், கிண்ணத்தை ஆட்டினால் பாதரசம் போல ஓடிச் சேரும். இதில் வழுக்கும் இடம் ஒன்று: கிண்ணம் முழுவதுமே தண்ணீராக இருந்தால் கோடு எதுவும் தெரியாது, "தெளிவாக இருக்கிறது" என்று கண் ஏமாறும். அதனால் நீலம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், விரலில் தொட்டு மணக்கவேண்டும். பெற்றோல் என்றால் சில செக்கனில் ஆறி விரல் குளிரும். ஜெற் எரிபொருள் தவறுதலாகக் கலந்திருந்தால் நீலம் வெளிறும், விரலில் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும். பிஸ்டன் எஞ்சினுக்கு அது தண்ணீரைப் போலவே எமன்.

காபரேட்டர் உள்ள பழைய எஞ்சின்களில், உதாரணமாகச் செஸ்னா 150இல், பனியும் பிடிக்கும். வெயில் கொளுத்தும் ஊரில் பனியா என்று கேட்கலாம். காபரேட்டரின் ஒடுங்கிய கழுத்தில் காற்று விரிவதாலும் பெற்றோல் ஆவியாவதாலும் வெப்பநிலை இருபது பாகைக்கு மேல் கூட விழும். ஈரக்காற்றில் அந்த இடத்தில் பனி கட்டிக் காற்று வழி அடைபடும். முழு வலுவில் ஓடும்போது ஆபத்துக் குறைவு. ஓடுபாதை ஓரத்தில் நீண்டநேரம் மெல்ல ஓடவிட்டுக் காத்திருக்கும்போதுதான் கட்டும். கிளம்பும் முன்பு காபரேட்டர் சூட்டுக் குமிழை இழுத்துப் பார்ப்பது இதற்காக. இழுத்ததும் சுழற்சி சற்றுக் குறைந்து, பிறகு முன்னிருந்ததை விடக் கூடினால் பனி இருந்து உருகியது என்று பொருள்.

சோதனை ஓட்டத்தில், பிளக்குக்குத் தீப்பொறி தரும் மக்னீட்டோவும் பார்க்கப்படும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், இரண்டு மக்னீட்டோ. நிமிடத்துக்கு 1,800 சுழற்சியில் வைத்து ஒன்றை மட்டும் அணைத்தால் சுழற்சி 150க்கு மேல் குறையக்கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50க்கு மேல் இருக்கக்கூடாது. குறையவே இல்லை என்றால் மகிழக்கூடாது. அணைத்தது அணையவில்லை, கம்பி எங்கோ அறுந்திருக்கிறது.

எஞ்சின் நன்றாக இருந்தும் விழுவது

எல்லாப் பழியையும் எஞ்சின் மேல் போடுவது நியாயமில்லை. எடையை எடுங்கள். 172 எஸ்ஸின் உச்ச எடை 1,157 கிலோ. வெறும் எடை கழிந்தால் ஆளுக்கும் பெட்டிக்கும் எரிபொருளுக்கும் சேர்த்து நானூறு கிலோ அளவில் மிஞ்சும். தாங்கி நிறைந்தால் பாவிக்கக்கூடிய எரிபொருள் 200 லீற்றர், 144 கிலோ. எழுபத்தைந்து கிலோவில் நாலு பேர் ஏறினால் 300. நாலு இருக்கை இருக்கிறது, நாலு பேர் நிறைந்த தாங்கியோடு போக முடியாது! பயணப் பெட்டி இன்னும் ஏறவில்லை. எடை பின்பக்கம் கூடினால் மூக்கு தானே தூக்கிக்கொள்ளும், ஸ்டோல் ஆனால் தாழ்த்த வால் போதாது.

வெப்பமும் எடைக்குச் சமம். விமானக் கணக்கில் கடல்மட்டத்தின் தரம் 15 பாகை. திருகோணமலையில் ஆனி, ஆடிப் பகல் 34 பாகையைத் தொடுவது சாதாரணம். சூடான காற்று ஐதானது. இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினுக்கு மூச்சுக் குறையும், விசிறிக்கு வெட்டக் காற்றுக் குறையும். அந்தப் பகலில் கடலோரம் நிற்கும் விமானம் 2,200 அடி உயரத்தில், ஏறக்குறைய பதுளை உயரத்தில் நிற்பதாகவே நடந்துகொள்ளும். ஈரப்பதம் அதற்குமேல் இன்னும் கொஞ்சம். வலுவில் ஆறு ஏழு சதவீதம் போய்விடும். நீண்ட பாதையில் இது தெரியாது. புல் வளர்ந்த சிறு பாதையில், கனத்தோடு, தென்னைகள் முன்னே நிற்கும்போது தெரியும். தரையை ஒட்டி இறக்கை அகலத்துக்குள், அதாவது பதினொரு மீற்றருக்குள், காற்று மெத்தை போலத் தாங்குவதால் விமானம் எழும்பிவிட்டது போலக் காட்டும். மேலே போகப் பார்த்தால் போகாது. விமானி இன்னும் இழுப்பார். மிச்சத்தை மேலே படித்தீர்கள்.

பிறகு, மனிதர் மறக்கும் சின்னச் சின்னச் சாமான்கள். இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடான ஃப்ளாப்பை முழுவதும் இறக்கியபடி விட்டது. மூக்கின் நிலையைப் பிடித்துவைக்கும் வால் டிரிம்மைக் கடைசி இறக்கத்தின் நிலையிலேயே விட்டது. இருக்கைத் தண்டவாளத்தின் பூட்டு விழாமல், த்ரொட்டில் தள்ளியதும் இருக்கை பின்னே சறுக்கி, விமானி விழாமல் பிடியைப் பற்றி இழுத்தது. வேகமானிக்குக் காற்றுக் கொண்டுபோகும் பிட்டோ குழாயின் உறையைக் கழற்றாதது. உறை போடாமலே சில நாள் நிறுத்தியதில் குளவி மண்கூடு கட்டியது. இந்தக் கடைசி ஒன்று நம் ஊர்களில் விளையாட்டல்ல. ஜன்னல் துவாரம், பைப் முனை எதையும் விடாத குளவி பென்சில் பருமன் குழாயை விடுமா?

கட்டுப்பாட்டுப் பூட்டைக் கழற்றாமல் கிளம்புவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1935 ஒக்டோபர் 30ஆம் திகதி அமெரிக்காவில் ரைட் ஃபீல்டில் போயிங் 299 என்ற நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் எழும்பி, செங்குத்தாக ஏறி, ஸ்டோலாகி விழுந்தது. ஓட்டியவர் தேர்ந்த சோதனை விமானி. காற்றில் வால் ஆடாமல் இருக்கப் போட்ட பூட்டு அப்படியே இருந்திருக்கிறது. விமானம் மிகச் சிக்கலானது, ஒரு மனிதரின் ஞாபகத்துக்கு அடங்காது என்று முடிவாகி, எழுதி வைத்துப் பார்த்துச் செய்யும் சரிபார்ப்புப் பட்டியல் அதன்பிறகு வழக்கமானது. சிறு விமானத்தில் இந்தப் பூட்டு ஒரு கம்பியும் சிவப்புத் துண்டும்தான். கிளம்பும் முன்பு பிடியை இடது, வலது, முன்னே, பின்னே முழு எல்லைக்கும் அசைத்து, இறக்கை மடிப்பு சரியான பக்கம் அசைகிறதா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் பத்துச் செக்கன்.

பறவையைச் சொல்லாமல் விட முடியாது. வயலும் குடாநீரும் சூழ்ந்த இடம். அறுவடைக் காலத்தில் கொக்கும் பருந்தும் கூட்டமாக இருக்கும். ஒரு பருந்து முன்கண்ணாடியை உடைத்து உள்ளே வரப் போதும்.

இறங்குவது என்று முடிவான பிறகு

மூக்கு தாழ்ந்தாயிற்று, வேகம் ஃப்ளாப் இல்லாமல் 70, ஃப்ளாப் இருந்தால் 65. இடம் தெரிந்தாயிற்று. நேரம் இருந்தால் மட்டும்: எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை நிறுத்தக் கலவைக் குமிழை முழுக்க வெளியே இழுத்தல், எரிபொருள் வால்வை மூடல், மக்னீட்டோ அணைத்தல், ஃப்ளாப் இறக்குதல், மின்சார முதன்மை ஆளியை அணைத்தல், கதவைத் திறந்து வைத்தல். ஃப்ளாப் மின்சாரத்தில் ஓடுவதால் முதன்மை ஆளி அதன் பிறகு. கதவைத் திறப்பது எதற்கென்றால், உடல் நெளிந்தால் கதவு இறுகி அடைபடும்.

வயலானால் வரப்பை ஒட்டி நீளவாட்டில் இறங்கவேண்டும், வரப்புக்குக் குறுக்கே அல்ல. தண்ணீர் கட்டிய வயலில் சில்லு புதைந்து விமானம் குப்புறும். அதற்கு ஆயத்தமாக வார்ப்பட்டி இறுக்கம். மரங்கள் வந்தால் இரண்டு மரத்துக்கு நடுவே மூக்கை விட்டு இறக்கைகளைப் பலி கொடுப்பார்கள். இறக்கை நொறுங்கும்போது வேகத்தைத் தானே குடித்துக்கொள்ளும். குடாவில் இறங்கினால் தண்ணீர் மென்மையானது என்று நினைக்கவேண்டாம். நிலையான சில்லு முதலில் பிடித்து மூக்குக் குத்தும். உயிர்காப்பு அங்கியை வெளியே வந்த பிறகே ஊதவேண்டும். உள்ளே ஊதினால் கூரையோடு ஒட்டி மிதந்துகொண்டு கதவுக்குக் குனிய முடியாது.

பிழைப்பதற்குத் தேவையான இடம் வியப்பாகச் சிறியது. மணிக்கு 80 கிலோமீற்றரில் வந்து, புவியீர்ப்பின் ஒன்பது மடங்கு விசையில் சீராக நின்றால் மூன்று மீற்றருக்குள் நின்றுவிடலாம். வார்ப்பட்டி கட்டிய உடம்பு அதைத் தாங்கக்கூடும். வேகம் இரட்டித்தால் பன்னிரண்டு மீற்றர் வேண்டும். ஆகவே தரையைத் தொடும்வரை விமானத்தைப் பறக்கவைத்து, இறக்கை மட்டமாக, மிகக் குறைந்த வேகத்தில் தொடவைப்பவர் நடந்து வெளியே வர வாய்ப்புண்டு. ஐம்பது அடியில் ஸ்டோலாகிச் செங்குத்தாக விழுபவருக்கு அந்த மூன்று மீற்றர் கிடைப்பதில்லை.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

உங்கள் வயலில் ஒன்று விழுந்தால் முதலில் 1990 அம்புலன்ஸ், 110 தீயணைப்பு, 119 பொலிஸ். காற்று வரும் பக்கமிருந்து அணுகுங்கள். முன்விசிறி நின்றிருந்தாலும் அதன் வட்டத்துக்குள் போகவேண்டாம், மக்னீட்டோ அணையாமல் இருந்தால் கைபட்டு ஒரு சுற்றுச் சுற்றலாம். பீடி, சிகரெட், அருகில் நின்று தொலைபேசி வெளிச்சத்தில் படம் எடுக்கும் கூட்டம் எல்லாம் பெற்றோல் ஆவிக்குத் தூரத்தில். தீ இல்லை என்றால் காயப்பட்டவரின் கழுத்தைத் திருப்பாமல் வார்ப்பட்டியை அறுங்கள். குப்புறக் கிடக்கும் விமானத்தில் பட்டியை அறுக்கும் முன்பு உடம்பைத் தாங்கிப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் தலைகுத்தி விழுவார். விமானப்படையின் ஜெற் விமானமானால் இருக்கைக்கு அடியில் வெடிமருந்து இருக்கலாம். மஞ்சளும் கறுப்புமாகக் கோடிட்ட எந்தப் பிடியையும் தொடவேண்டாம்.

சிதறிய துண்டுகளை ஞாபகத்துக்கு என்று எடுத்துப் போகும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. விசாரணைக்காரர்கள் அந்தத் துண்டுகளைத்தான் வாசிக்கிறார்கள். முன்விசிறியின் அலகுகள் பாம்பு போல நெளிந்து நுனி சுருண்டிருந்தால் மோதும்போது எஞ்சின் வலுவோடு ஓடியிருக்கிறது. ஒன்று மட்டும் பின்னே மடங்கி மற்றது நேராக இருந்தால் ஓடவில்லை, அல்லது மெல்லத்தான் ஓடியது. ஃப்ளாப் எந்த நிலையில் இருந்தது என்பதை அதன் திருகுதண்டில் வெளியே தெரியும் புரிகளை எண்ணிச் சொல்வார்கள். எரிபொருள் வால்வு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது பல விபத்துகளில் முழுக் கதையும். மீட்கப் போனவர் தீக்குப் பயந்து அதை மூடியிருந்தால் தவறில்லை, நல்லதே. ஆனால் தொட்டதும், தொடும் முன்பு அது எந்தப் பக்கம் நின்றது என்பதும், வரும் அதிகாரியிடம் அன்றைக்கே சொல்லப்படவேண்டும்.